மெஷின் சரியாகிற வரைக்கும்

சாருலதாவைப் பற்றி மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும், "தங்கமான பொண்ணு" என்றுதான் சொல்வார்கள். தங்கத்தை நம் வீடுகளில் என்ன செய்கிறோம் என்பது தெரிந்ததுதானே. நல்ல நாளில் ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் வெங்கடரமணனுக்குக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் சாமான்கள் கொள்முதல் செய்யும் வேலை. ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மூன்றாவது ஆள் மாமனார். முந்தைய வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, காபி டம்ளரை எடுக்கப் போன அவருடைய வலது கை அப்படியே தொய்ந்து விழுந்தது. காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். புரட்டுவதற்குச் சாருலதாவை விட்டால் ஆள் ஏது?

அதுவரை அவள் பதினொரு வருஷம் தி.நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கனகராஜ் அச்சகத்தில் வேலை பார்த்தவள். ஈய எழுத்துக் கோக்கிற காலத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்ததும் அதையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். கீபோர்டைப் பார்க்காமலே தமிழ் அடிப்பாள். "சாரு மேடம் அடிச்சா புரூஃப் பாக்கவே வாணாம்" என்று முதலாளி கனகராஜ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். மாமனார் படுத்த அன்றைக்கு லீவு சொன்னவள் பிறகு போகவே இல்லை. ராஜினாமாக் கடிதம் என்று ஒன்றை யாரும் எழுதவுமில்லை, கேட்கவுமில்லை. அதற்கப்புறம் பதினான்கு மாதத்தில் அவள் போன அதிகபட்ச தூரம், மாட வீதிக் காய்கறிக் கடை. போக வர இருபது நிமிஷம்.

வெங்கடரமணன் கெட்ட மனுஷர் இல்லை. மனைவி சோர்ந்துபோயிருக்கிறாள் என்பது அவருக்கும் தெரிந்தது. அவர் கண்டுபிடித்த மருந்து கம்ப்யூட்டர்.

"நீ ஏன் ஆபீஸுக்குப் போகணும்? ஆபீஸ் உன்னைத் தேடிண்டு ஆத்துக்கு வரப்போறது, பாரு" என்றார் ஒரு நாள், முகமெல்லாம் சிரிப்பாக.

கொள்முதல் அதிகாரி அல்லவா, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் ஏழு கடை ஏறி இறங்கினார். கடைசியில் சஃப்வான் என்பவரைப் பிடித்தார். ராயப்பேட்டைக்காரர், முப்பது வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். உதிரி பாகங்களை வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கே வந்து பூட்டித் தருவார். பாகங்கள் சரஸ்வதி பூஜையன்று காலையில் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. மறுநாள் விஜயதசமியன்று பூட்டி ஆரம்பித்துவிடலாம் என்று ஏற்பாடு.

வந்த சாமான் பூஜைக்குத் தப்புமா? வெங்கடரமணன் எல்லாவற்றையும் பிரித்து, புஸ்தக அடுக்குக்குப் பக்கத்தில் வாழையிலை போட்டுப் பரப்பினார். ஒவ்வொன்றுக்கும் கல்லில் இழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். "அருவாமணைக்கே வைக்கறோம், இதுக்கு வைக்கப்படாதா?" என்றார். மற்ற பாகங்களையெல்லாம் செருகுகிற பெரிய பச்சைப் பலகைக்கு மட்டும் நடுநாயகமாகக் கெட்டியாக ஒரு பொட்டு. மறுநாள் காலை சஃப்வான் வருவதற்கு முன்னால், "கொஞ்சம் துடைச்சு வெச்சுடு சாரு, அவர் ஏதாவது நினைச்சுக்கப் போறார்" என்றார். சாருலதா துண்டு நுனியை நனைத்துப் பிழிந்து, பளிச்சென்று துடைத்து வைத்தாள்.

கம்ப்யூட்டரை முன்னறையில் மாமனாரின் கட்டிலுக்கு எதிரே வைத்தார்கள். எர்த் உள்ள பிளக் அங்கேதான் இருந்தது. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. கனகராஜ் ஒரு சபாவின் டிசம்பர் கச்சேரி மலரைக் கொடுத்தனுப்பினார், இருநூறு பக்கம். சாருலதா அடித்த பக்கங்களை ஃப்ளாப்பியில் போட்டு வைப்பாள், வெங்கடரமணன் ஆபீஸிலிருந்து வரும் வழியில் தி.நகரில் இறங்கிக் கொடுத்துவிட்டு வருவார். ஆபீஸ் ஆத்துக்கு வந்துவிட்டது. கட்டிலுக்கும் கீபோர்டுக்கும் நடுவே நான்கடி. அந்த நான்கடியில்தான் இனி தன் காலம் முழுக்க என்று அவளுக்கு அப்போது ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை உதறிவிட்டு அடுத்த பக்கத்தை அடித்தாள்.

மழை பிடித்ததும் வந்தது வினை. மிருதங்க வித்வான் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் பாதியில் இருந்தாள். திரை முழுக்கப் பளீரென்று நீலமாயிற்று. வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ பெரிய பிழை என்று இரண்டு வரி, புரியாத எண்கள். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அணைத்துப் போட்டால் வித்வானைக் காணோம். மறுபடியும் அடித்தாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் நீலம். ஐந்து வரிக்கு ஒரு தரம் சேமித்துப் பார்த்தாள். சேமிக்கும்போதே நீலம் வந்தது. மாமனார் ஒரு பக்கம் மல்லாந்து கிடக்க, இது ஒரு பக்கம் மல்லாந்து கிடந்தது. ஒரே அறையில் இரண்டு நோயாளிகள்.

சஃப்வான் வந்தார். கரண்ட் கொடுக்கிற பெட்டியை மாற்றினார். இரண்டு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தார், சமத்தாக ஓடியது. அவர் ராயப்பேட்டை மணிக்கூண்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார், இங்கே நீலம். அடுத்த தடவை விண்டோஸை அடியோடு அழித்துப் புதிதாக ஏற்றினார். அதற்கடுத்த தடவை மெமரியை, அந்தச் சின்னப் பச்சைப் பட்டையை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுசு போட்டார். பிறகு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு தடவையும், "இனிமே வராது மேடம்" என்பார். ஒவ்வொரு தடவையும் அது வந்தது. தினமும் திறக்க வேண்டியிருந்ததால் பெட்டியின் பக்கவாட்டு மூடிக்கு ஸ்க்ரூ போடுவதையே விட்டுவிட்டார்.

கனகராஜ் போன் செய்தார்.

"இன்னா மேடம், உங்க மெஷின் இன்னும் படுத்துக்கினுதான் கீதா? டிசம்பர் பத்தாந்தேதி மலர் கைல இருக்கணும். நீங்களே இங்க வந்து அடிச்சிக் குடுங்க. மத்தியானம் மூணு மணி நேரம் போதும்."

சாருலதா பயந்துகொண்டேதான் வெங்கடரமணனிடம் சொன்னாள். மாடி வீட்டு ஜெயபாரதி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அந்தச் சமயம் பார்த்துக் கீழே வந்திருந்தாள். "நான் வந்து உக்காந்துக்கறேனே. புரட்டிப் போடறது எனக்கென்ன புதுசா? எனக்கும் பொழுது போகும்" என்றாள்.

வெங்கடரமணன் யோசித்தார். "அடுத்தவாளை எத்தனை நாள் கேக்கறது?" என்றார். பிறகு, "சரி, மெஷின் சரியாகிற வரைக்கும்" என்றார்.

அந்த வாக்கியத்தைச் சாருலதா அட்சரம் பிசகாமல் மனசில் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் லஸ்ஸில் பஸ் ஏறினாள். பனகல் பார்க்கில் இறங்கி, தேங்கிய தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் போனாள். அச்சகத்தில் அவளுடைய நாற்காலியில் பழைய காகிதக் கட்டு ஒன்று இருந்தது. கனகராஜ் அதைத் தூக்கிக் கீழே போட்டார். அவ்வளவுதான் வரவேற்பு. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

போகப் போக அந்த மூன்று மணி நேரம் அவளுக்கு மூச்சு மாதிரி ஆயிற்று. அங்கே யாருக்கும் அவள் மருமகள் இல்லை. "ணை எந்தப் பொத்தான்ல இருக்கு, சுழி தப்பா விழுது மேடம்" என்று சந்தேகம் கேட்க வந்தார்கள். நாலு மணிக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்றபடி மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாக்காய் தின்றாள். பாண்டி பஜாரில் வேண்டுமென்றே இரண்டு கடை தூரம் நடந்து, வளையல்களைப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தாள். ஐந்தே முக்காலுக்கு வீட்டுக் கதவைத் திறக்கும்போது மாமனார் இடது கண்ணால் அவளைப் பார்ப்பார். அவளுக்கு அவர் மேல் கோபமில்லை. அதுவும் ஒரு கஷ்டம். கோபம் இருந்தால் எங்கேயாவது இறக்கி வைத்திருக்கலாம்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். அச்சகத்துக் கம்ப்யூட்டர் ஒன்று நின்றுபோயிற்று. கனகராஜ் அலட்டிக்கொள்ளவே இல்லை. பெட்டியைத் திறந்து, மெமரியைப் பிடுங்கி, அதன் ஓரத்திலிருந்த தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் பரபரவென்று தேய்த்துத் திரும்பச் செருகினார். ஓடியது.

"பல்லு அழுக்கானா இதுக்கும் நோவுதான் மேடம்" என்றார்.

மறுநாள் காலை வெங்கடரமணன் ஆபீஸ் போனதும் சாருலதா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். மெமரியைப் பிடுங்கினாள். பற்களில் அழுக்கு இருக்கிறதா என்று கண்ணருகே கொண்டுபோனாள். கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சந்தன வாசனை. டார்ச் அடித்து, மெமரி செருகுகிற பள்ளத்துக்குள் விளக்குமாற்றுக் குச்சியை விட்டு நெம்பினாள். வெளிர்மஞ்சளாகத் துகள் வந்தது, நடுவில் சிவப்பாகவும் ஒரு பொட்டு.

அவள் துடைத்தாளே, பளிச்சென்று, அந்தத் துடைப்புதான் பச்சைப் பலகை மேல் இருந்த சந்தனத்தைக் கரைத்துப் பள்ளத்துக்குள் இறக்கியிருந்தது. காய்ந்த மட்டும் சும்மா இருந்தது. மழை ஈரம் ஏறியதும் பொருமிக்கொண்டு, பற்களை ஒட்டவிடாமல் செய்தது. சஃப்வான் மாற்றிய புது மெமரியும் அதே பள்ளத்தில்தான் போய் உட்கார்ந்தது. பாவம், அவர் எதை மாற்றி என்ன?

சாருலதாவுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தாள். மாமனார் திரும்பிப் பார்த்தார். மகளுடைய பழைய பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுக்க எழுந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள். தேய்த்தால் சரியாகிவிடும். சரியாகிவிட்டால்?

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மெமரியை இருந்தபடியே செருகினாள். மூடியைச் சாத்தினாள். எதையும் கெடுக்கவில்லை, எதையும் திருடவில்லை, இருந்தது இருந்த இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மத்தியானம் வழக்கம்போல பஸ் ஏறினாள்.

இப்படியே மூன்று வாரம். மலர் முடிகிற கட்டத்துக்கு வந்தது. "இது முடிஞ்சாலும் வாங்க மேடம். நாற்காலி காலியாத்தானே கீது" என்றார் கனகராஜ். மெஷின் படுத்தே கிடந்தால் வரலாம் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வெங்கடரமணன் வேறு பெரிய கம்பெனி மெஷின் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அதற்கு எப்படியும் தை பிறந்துவிடும் என்பது அவளுடைய நம்பிக்கை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சஃப்வான் வந்தார். கையில் கருவிப் பை இல்லை. உள்ளே வந்தும் உட்காராமல் நின்றார்.

"சார் நேத்து நான் பார்ட்ஸ் வாங்குற கடைக்கே போன் பண்ணிட்டாரு மேடம். பழைய பார்ட்ஸைப் போட்டு ஏமாத்திட்டேன்னு சொல்றாரு. இந்த பில்டிங்ல இன்னும் ரெண்டு வீட்டுல ஆர்டர் குடுத்திருந்தாங்க, வாணாம்னுட்டாங்க. அல்லா மேல ஆணையா எல்லாமே புதுசு மேடம்."

"தெரியும்" என்றாள் சாருலதா.

"பெரிய போர்டு தவிர எல்லாம் மாத்திட்டேன், அதுவும் கடைல டெஸ்ட் பண்ணி எடுத்ததுதான். அப்ப தப்பு பார்ட்ஸ்ல இல்ல, என் கைலதான் இருக்கு. எங்கன்னு எனக்கே தெரியல." சஃப்வான் தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வந்து மெஷினை எடுத்துக்கிறேன். இந்தத் தொழிலே நமக்கு வாணாம்னு வீட்டுல சொல்லிட்டேன். மச்சான் பெரியமேட்டுல தோல் மண்டி வெச்சிருக்காரு, அங்க போயி உக்காந்துக்க வேண்டியதுதான். மூட்டை எண்றதுக்குக் கைராசி தேவையில்ல, பாருங்க."

சாருலதா காபி டம்ளரோடு நின்றாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, மாமனாருக்கும் ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கும் அவள் தி.நகர் போனாள். போனாளே ஒழிய வேலை ஓடவில்லை. ஒரே பக்கத்தில் மூன்று பிழை. கனகராஜ் அதைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அவளை அதிசயமாகப் பார்த்தார். திரும்பும்போது கொய்யாக்காய் வாங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னைத் தானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள். பிடித்த தொழிலை விட்டுவிட்டு ஒரு மூலையில் போய் உட்காருவது என்னவென்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியுமே! அதையே இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதோடு, விட்டுக்கொடுக்க மனசும் வரவில்லை. இரண்டும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சஃப்வான் ஆட்டோவில் வந்தார், கையில் கயிறும் பழைய போர்வையும். வெங்கடரமணன் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சாருலதா குறுக்கே வந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்கோ."

பெட்டியைத் திறந்தாள். மெமரியைப் பிடுங்கி சஃப்வானிடம் நீட்டினாள். "மோந்து பாருங்கோ."

அவர் விழித்தார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "சந்தனம்" என்றார்.

"பூஜையில வெச்சது. நான் ஈரத் துணியால துடைச்சேன், உள்ள இறங்கிடுத்து. பார்ட்ஸும் பழசில்லை, உங்க கையிலயும் தப்பில்லை. எங்காத்துத் தப்பு." வெங்கடரமணன் பக்கம் திரும்பினாள். "அவரைப் பேசினதெல்லாம் அநியாயம்."

மாமனாருக்கு ஊசி போட வைத்திருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக் குச்சியில் சுற்றிக் கொடுத்தாள். சஃப்வான் பள்ளத்தைச் சுத்தம் செய்தார். அவள் ரப்பரால் பற்களைத் தேய்த்தாள். காயவிட்டுச் செருகி, போட்டார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை மணி ஆயிற்று, நீலம் வரவில்லை. சஃப்வான் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, சிரித்தாரா என்று சொல்வதற்கில்லை.

வெங்கடரமணன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பேசினது தப்புதான், மனசுல வெச்சுக்காதீங்கோ. அந்த ரெண்டு ஆத்துக்கும் இப்பவே நான் போய்ச் சொல்றேன்" என்றார். சொன்னபடியே மாடியேறிப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். சஃப்வான் கயிற்றையும் போர்வையையும் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

மணி பன்னிரண்டு. சாருலதா மாமனாரை இடப் பக்கமாகப் புரட்டி, முதுகுக்குப் பவுடர் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். வெங்கடரமணன் கம்ப்யூட்டர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு இது எப்போ தெரியும், சாரு?"

"மூணு வாரமா."

"மூணு வாரமாத் தெரியும்னா, அப்புறம் ஏன் தினம் தி.நகர் போனே?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு மூன்று நல்ல பொய்கள் கைவசம் இருந்தன. அவள் சொல்லவில்லை.

"போகணும்னு இருந்தது. அதான் போனேன்" என்றாள். "இங்கேயே இருந்தா எனக்கு மூச்சு முட்டறது."

மாமனார் படுத்த நாளிலிருந்து முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று அவளிடம் தயாராக இருந்தது. ஜெயபாரதி மனப்பூர்வமாகத்தான் வருகிறாள், மூன்று மணி நேரத்தில் இந்த வீடு இடிந்து விழவில்லை, அப்பாவை நானும்தான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு அந்த நாற்காலி வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வெங்கடரமணன் அவள் கிட்டே வந்தார். அவள் தலையில் மெதுவாகக் கை வைத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"சரி, போனாப் போறது. நான் ஒண்ணும் நினைச்சுக்கலை" என்றார். "மெஷின்தான் சரியாயிடுத்தே. இனிமே உனக்கு அந்த அலைச்சலே வேண்டாம்."

திட்டியிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. மன்னித்ததற்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, கனகராஜிடமும் ஜெயபாரதியிடமும் தானே சொல்லிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு அவர் போனை எடுத்துவிட்டார்.